கெல்லிவைன் மாளிகையின் விதானம்

எண்பது நாற்காலி. இரண்டு தரம் எண்ணிப் பார்த்துவிட்டேன். வரிசைக்குப் பத்து, எட்டு வரிசை, நடுவில் என் பெண் பூரணி நடந்து வருவதற்கு ஒரு வழி. மூன்றாவது வரிசையிலிருந்து ஆறாவது வரிசை வரைக்கும், இடது பக்கம், அங்கேதான் அது தொங்குகிறது. தொங்குகிறது என்று சொல்லலாமா, எனக்குத் தொங்குகிற மாதிரி தெரிகிறது. மணி பதினொன்று பத்து. பன்னிரண்டுக்குக் கல்யாணம். குற்றாலிங்கம், நீ ரிட்டயர் ஆகி ஆறு வருஷமாகிவிட்டது, உன் கையெழுத்துக்கு இப்போது ஒரு கட்டடமும் காத்திருக்கவில்லை, இன்றைக்கு நீ பெண்ணைப் பெற்றவன், அவ்வளவுதான், குனிந்து உட்கார், வேட்டியைச் சரி பண்ணு, வருகிறவர்களைப் பார்த்துச் சிரி. ஆனால் தலை தானாக நிமிர்கிறது. வெள்ளைச் சுண்ணாம்பு விதானம், முழுக்கப் புடைப்புச் சிற்பம், ரோஜாப் பூக்கள், வால் சுருண்ட டிராகன்கள், நடுவில் இந்த வீட்டைக் கட்டியவனுடைய பெயரின் முதலெழுத்தும் அவன் மனைவி பெயரின் முதலெழுத்தும், கீழே கட்டின வருஷம், ஆயிரத்து அறுநூற்று முப்பத்தெட்டு. நேற்று வந்து இறங்கியதும் எல்லோரும் அண்ணாந்து பார்த்து அழகு அழகு என்றார்கள். நானும் அழகு என்றுதான் சொன்னேன். சொல்லிக்கொண்டிருக்கும்போதே கண் டிராகனை விட்டு நகர்ந்து சுவரோரத்துக்குப் போய்விட்டது. சுவரும் விதானமும் சேருகிற இடத்தில் ஒரு மயிர்க்கோடு. மயிர்க்கோடு எந்தப் பழைய வீட்டிலும் இருக்கும். இது ஒரு மூலையில் தொடங்கி, ஜன்னலுக்கு மேலே போய், வளைந்து, ரோஜாக்களுக்கு நடுவே புகுந்து, திரும்பித் தொடங்கின மூலைக்கே வந்து சேருகிறது. வட்டம் போட்ட விரிசல். வட்டத்துக்குள் இருப்பது தனி, வெளியே இருப்பது தனி. அதன் நடுவில் பழுப்பாக ஒரு ஈரக்கறை, ஒன்றுக்குள் ஒன்றாக வளையம் வளையமாக, ஒவ்வொரு வளையமும் ஒரு தடவை நனைந்து காய்ந்ததற்குச் சாட்சி.

அறையில் இந்த மாளிகையைப் பற்றி ஒரு சின்னப் புத்தகம் வைத்திருந்தார்கள், காலையில் என் மனைவி வடிவு குளித்து முடிக்கிற வரைக்கும் அதைத்தான் படித்துக்கொண்டிருந்தேன். படிக்காமல் இருந்திருக்கலாம். இந்த வீட்டுக்குப் பெயர் பிளாஸ் கெல்லிவைன், பிளாஸ் என்றால் வேல்ஸ் மொழியில் மாளிகையாம். முதலில் இந்தக் கூடமும் மேலே இரண்டு அறையும் மட்டும்தான், முழக் கனத்துக்கு மேல் கருங்கல் சுவர், ஸ்லேட்டுக் கல் கூரை. பேரன் காலத்தில் ஒரு பக்கம் நீட்டினான், அவன் பேரன் இன்னொரு பக்கம் நீட்டி முகப்பை மறைத்து வரிசையாக உயர ஜன்னல் வைத்தான், பிறகு வந்தவன் ஒரு கோபுரம் வைத்தான், கடைசியில் வாரிசு இல்லாமல் ஹோட்டலானது. ஹோட்டலானதும் ஒவ்வொரு படுக்கை அறைக்கும் ஒரு குளியலறை. அந்த வரியைப் படித்ததும் புத்தகத்தை மூடினேன். இந்தக் கூடத்துக்கு நேர் மேலே இருப்பது எங்கள் அறை. அந்தக் கறைக்கு நேர் மேலே எங்கள் குளியலறை. காலையில் அந்தத் தொட்டிக்குள் நிற்கத் தெரியாமல் வெளியே நின்று தலைக்கு ஊற்றிக்கொண்டேன், தரையெல்லாம் தண்ணீர், துண்டைப் போட்டு ஒற்றினேன், மீதி பலகை இடுக்கில் இறங்கிப் போனது. நான் குளித்த தண்ணீரா? வளையங்கள் பழசு, என்னுடையது கடைசி வளையம், அவ்வளவுதான். கடைசியாகச் சேருவதுதான் இறக்கும் என்பது எனக்குத் தெரியாதா? இந்த மாதிரி விதானத்தை எப்படிப் போட்டார்கள் என்றும் அந்தப் புத்தகத்திலேயே இருந்தது. ஓக் மர உத்தரத்துக்கு அடியில் விரல் கனத்துக்கு மரப்பட்டிகளை இடைவெளி விட்டு ஆணியடித்து, சுண்ணாம்பும் மணலும் குதிரை மயிரும் குழைத்துக் கீழேயிருந்து அப்பியிருக்கிறார்கள். பட்டிகளின் இடுக்கு வழியாக மேலே பிதுங்கி இறுகின சுண்ணாம்புதான் கொக்கி. அந்தக் கொக்கிதான் அத்தனை ரோஜாவையும் அத்தனை டிராகனையும் பிடித்துக்கொண்டிருக்கிறது. ஈரம் பட்டுப் பட்டுக் கொக்கி உடைந்தால் பிறகு பிடிமானம் பழக்கம் மட்டும்தான். நேற்று விழவில்லை, அதனால் இன்றைக்கும் விழவில்லை.

படிக்கட்டு பாதி ஏறினால் ஒரு திருப்பம், அங்கே நின்றால் விதானம் கிட்டத்தட்டக் கண் மட்டத்துக்கு வருகிறது. காபியைக் கையில் வைத்துக்கொண்டு, வேடிக்கை பார்க்கிறவன் மாதிரி அங்கே போய் ஒரு கண்ணை மூடிப் பார்த்தேன். வயிறு இறங்கியிருக்கிறது. நடுவில் நாலு விரற்கடை. நாலுக்குக் குறையாது. கண்ணுக்கு நாலு என்றால் அளந்தால் ஐந்து. மாப்பிள்ளை எம்ரிஸ் வீட்டுக் குழந்தைகள் மேலே தாழ்வாரத்தில் ஓடினார்கள், தொம் தொம் என்று, ஓடி முடித்தபோது விரிசலிலிருந்து மாவு மாதிரி ஒரு பொடி இறங்கியது. யாரும் பார்க்கவில்லை. கீழே ஒரு பெண் ஆளுயர ஹார்ப் வாத்தியத்தைச் சுருதி கூட்டிக்கொண்டிருந்தாள், பொடி அவள் தோளில் விழுந்தது, அவள் தட்டிவிட்டுக்கொண்டாள். நான் இறங்கி வந்து நாலாவது வரிசை நாற்காலியின் வெள்ளை உறை மேல் விரலை வைத்து இழுத்தேன். நெறநெறவென்று இருந்தது. அந்த நெறநெறப்பை என் விரல் இருபது வருஷம் கழித்தும் மறக்கவில்லை, இழவு விரல்.

சொன்னேன், சொல்லாமல் இல்லை. ஹோட்டல் மேனேஜர் நெரிஸ் என்கிற அம்மாள், என் வயதுக்குப் பத்து குறைவாக இருக்கும், வாசலில் பூ வைத்துக்கொண்டிருந்தாள், அவளிடம் போய்ச் சொன்னேன். முப்பது வருஷம் கட்டட இன்ஜினியராக இங்கிலீஷில் ரிப்போர்ட் எழுதியவன், வாயைத் திறந்தால் வார்த்தை வரிசைக்கு நிற்கவில்லை. சீலிங், கிராக், சர்க்கிள் என்றேன், விரலால் வட்டம் போட்டுக் காட்டினேன். அவள் பொறுமையாகக் கேட்டாள். நானூறு வருஷம் ஆகப்போகிறது, நாம் எல்லோரும் போன பிறகும் அது இருக்கும் என்றாள். வருஷா வருஷம் ஆள் வந்து பார்த்து எழுதிக் கொடுத்துவிட்டுப் போகிறார்கள் என்றாள். பெண்ணின் அப்பாவுக்குப் படபடப்பு இருக்கத்தான் செய்யும் என்று என் முழங்கையைத் தொட்டாள். வருஷா வருஷம் பார்க்கிறார்கள். தெரியும் அம்மா. நானும் வருஷா வருஷம் பார்த்தவன்தான். மழைக்காலத்துக்கு முன்னால் ஒன்றியத்துப் பள்ளிக்கூடங்களையெல்லாம் பார்த்து, கட்டடம் நல்ல நிலையில் உள்ளது என்று எழுதிக் கையெழுத்துப் போட வேண்டும். அந்த ஊர்ப் பள்ளிக்கூடத்து வராந்தாவில் கம்பி தெரிந்தது, கம்பியைச் சுற்றி விரிசல், கீழே பிள்ளைகள் சத்துணவுக்கு உட்காருகிற இடத்தில் இதே பொடி. பழுது, உபயோகிக்கக் கூடாது என்று என் நோட்டில் எழுதினேன். எழுதினேன், அது உண்மை. மேலதிகாரி போனில், அடுத்த வாரம் பெரியவர்கள் பார்வையிட வருகிற நேரத்தில் இதைக் கிளப்பாதீர், மழை முடியட்டும் பார்த்துக்கொள்ளலாம் என்றார். நல்ல நிலையில் உள்ளது. மூன்று வார்த்தை, ஒரு கையெழுத்து, தேதி. மழை முடியவில்லை. விசாரணையில் திடீர் மழை என்று எழுதினார்கள், என்னைக் கடற்கரைப் பக்கம் மாற்றினார்கள். என் நோட்டை யாரும் கேட்கவில்லை, நானும் கொடுக்கவில்லை. அதை ஏன் இப்போது நினைக்கிறேன். இது வேறு கட்டடம், வேறு தேசம், இவர்களுடைய சுண்ணாம்பைப் பற்றி எனக்கு என்ன தெரியும், புத்தகத்தில் ஒரு பக்கம் படித்தால் ஆகிவிடுமா? நான் பயந்தவன். பயந்தவனுக்கு எல்லா விதானமும் தொங்கும். வீட்டில்கூட வடிவு படுத்திருக்கிற கட்டிலை மூன்று தரம் இடம் மாற்றியவன்தானே நான்.

பதினொன்று இருபத்தைந்து. பூரணியிடம் சொன்னால் முடிந்துவிடும். பூரணியிடம் மட்டும் சொல்ல முடியாது. இரண்டு வருஷம் இந்தக் கல்யாணம் கூடாது என்று நின்றவன் நான். என்னவெல்லாம் பேசினேன், அந்தப் பையனைப் பார்ப்பதற்கு முன்னாலேயே அவனிடம் எத்தனை குறை கண்டேன். எட்டு மாதம் அவளோடு பேசவில்லை. போன வருஷம் தேதி குறித்துவிட்டாள் என்று தெரிந்ததும் நெஞ்சு வலிக்கிறது என்று படுத்துக்கொண்டேன். கார்டிஃபிலிருந்து ஒரே நாளில் ஓடி வந்தாள். அவள் அங்கே ஒரு ஆஸ்பத்திரியில் பிசியோதெரபிஸ்ட், என் ஈசிஜியை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தாள், மடித்து என் தலையணைக்கு அடியில் வைத்தாள். தேதி தள்ளிப்போனது. அதற்குப் பிறகு அவள் என்னிடம் கோபமாகக்கூடப் பேசவில்லை, அது போதும் எனக்குத் தண்டனை. நேற்று ஏர்போர்ட்டிலிருந்து காரில் வரும்போது, முன்னால் பார்த்து ஓட்டிக்கொண்டே, அப்பா ஒண்ணே ஒண்ணு கேக்கேன், நாளைக்கு ஒரு நாள் மட்டும் எதுவும் சொல்லிராதீங்க என்றாள். சரிம்மா என்றேன். அந்த சரிம்மாவை வைத்துக்கொண்டுதான் இங்கே உட்கார்ந்திருக்கிறேன். ஆட்கள் வர ஆரம்பித்துவிட்டார்கள். எம்ரிஸின் அத்தை ஒருத்தி, தலையில் நீலத் தொப்பி, நேராக வந்து நாலாவது வரிசையில் இடது பக்கம் உட்காருகிறாள், பக்கத்தில் இரண்டு பேத்திகள். அங்கே வேண்டாம் என்று சொல்ல எழுந்து, எதற்கு என்று கேட்டால் என்ன சொல்வது என்று உட்காருகிறேன். பெரியவள் சின்னவளுக்கு ரிப்பன் கட்டிவிடுகிறாள். சின்னவளுக்கு எட்டு வயது இருக்கும். வேறு இடத்தில் உட்காரக் கூடாதா, பாப்பா, அவ்வளவு இடம் இருக்கிறதே, வலது பக்கம் பூராவும் காலியாக இருக்கிறதே. ஒன்றும் நடக்காது. இருபத்தைந்து நிமிஷம்தான் சடங்கு. நானூறு வருஷம் நின்றது இருபத்தைந்து நிமிஷம் நிற்காதா? மழை முடிகிற வரைக்கும் நிற்காதா என்றுதான் அன்றைக்கும் கேட்டேன். யாரைக் கேட்டேன்? மறுபடி மேலே ஓட்டம், தொம் தொம். பொடி இறங்குகிறது. சின்னவள் அண்ணாந்து பார்த்து, மூக்கைத் துடைத்துக்கொண்டு, சிரிக்கிறாள்.

எப்படிப் படியேறினேன் என்று தெரியவில்லை. கை மரப்பிடியில் வழுக்கிக்கொண்டே வந்தது, வேட்டி தடுக்கியது, தாழ்வாரம் ஒரு பக்கம் சாய்ந்திருந்தது, அதையும் கண் குறித்துக்கொண்டது. பூரணி கண்ணாடி முன்னால் நின்றுகொண்டிருந்தாள், அரக்குப் பட்டு, வடிவு தரையில் முட்டிபோட்டு உட்கார்ந்து கொசுவத்தை நீவிக்கொண்டிருந்தாள், வாயில் இரண்டு ஊக்கு. அப்படியே திரும்பிப் போய்விடலாம் என்றுதான் தோன்றியது. கண்ணாடியிலேயே என்னைப் பார்த்துவிட்டாள். இப்ப என்னப்பா என்றாள். அதில் கோபம் இல்லை, ஒரு அலுப்பு. கீழே கூடத்துச் சீலிங் இறங்கியிருக்கு, அதுக்கடியில கல்யாணம் வேண்டாம், வேற எங்கயாவது வெச்சுக்கிடலாம் என்று சொல்லி முடித்தேன். அவள் மெல்லத் திரும்பினாள்.

"நெஞ்சு வலிக்குப் பதிலா இந்தத் தடவை சீலிங்காப்பா?"

வடிவு ஊக்கை வாயிலிருந்து எடுத்து, நான் உங்களைக் கெஞ்சிக் கேக்கேன், கீழ போயி உக்காருங்க என்றாள். போயிருப்பேன். கால் வாசலுக்குத் திரும்பிவிட்டது. திரும்பின காலோடு நின்று, சுவரைப் பார்த்துக்கொண்டு, சொல்ல ஆரம்பித்தேன். நீ நாலாம் கிளாஸ் படிக்கும்போது என்னைக் கடற்கரைப் பக்கம் மாத்தினாங்கல்லா, அது புரமோஷன் இல்லம்மா என்று ஆரம்பித்தேன். பள்ளிக்கூடம், வராந்தா, பொடி, நோட்டு, போன், கையெழுத்து. ரிப்போர்ட் வாசிக்கிறவன் மாதிரி வரிசையாகச் சொன்னேன். வடிவுக்கு அரைகுறையாகத் தெரியும், இந்த அளவுக்குத் தெரியாது. இரண்டு பிள்ளைகள் என்று சொன்னபோது பூரணி ஸ்டூலைத் தேடி உட்கார்ந்தாள், கசங்கும் கசங்கும் என்று வடிவு முணுமுணுத்தாள், பிறகு அவளும் முணுமுணுப்பதை விட்டுவிட்டாள். அதோடு நிறுத்தியிருக்கலாம். யாருக்கும் சொல்லாத ஒன்று இருந்தது, அதுவும் சேர்ந்தே வந்துவிட்டது. கையெழுத்துப் போட்ட அன்றைக்குச் சாயங்காலம் பைக்கை எடுத்துக்கொண்டு அந்தப் பள்ளிக்கூடத்துக்குப் போனேன். காகிதம் காகிதமாக இருக்கட்டும், ஹெட்மிஸ்டரஸிடம் வாயால் ஒரு வார்த்தை சொல்லிவிடலாம், பிள்ளைகளை வராந்தாவில் உட்கார வைக்காதீங்க டீச்சர் என்று. அந்தம்மா உள்ளே வாய்ப்பாடு சொல்லிக் கொடுத்துக்கொண்டிருந்தார். பதிமூணாம் வாய்ப்பாடு. வேப்பமரத்தடியில் பைக்கை அணைக்காமல் நின்றேன். சொன்னால் பிறகு ஏன் நல்ல நிலை என்று எழுதினாய் என்று கேட்பார்களே. எவன் கேட்கப்போகிறான் என்று தெரியவில்லை, ஆனால் கேட்பார்களே. சொல்லி என்ன ஆகப்போகிறது, இவர்களுக்கு வேறு இடம் ஏது, சொன்னாலும் கேட்க மாட்டார்கள் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். வாய்ப்பாடு முடிவதற்குள் வண்டியைத் திருப்பிவிட்டேன். பதினோரு நாள் கழித்து, மத்தியானம் சாப்பாட்டு நேரத்தில் வராந்தா இறங்கியது. "இன்னைக்கு நான் பொய் சொல்லலைம்மா" என்றேன். "தப்பா இருக்கலாம். பொய் இல்ல."

பூரணி என்னைப் பார்க்கவில்லை. என் கையைப் பார்த்தாள், விரல் நுனியில் அந்த வெள்ளைப் பொடி இருந்தது. எழுந்தாள், முந்தானையை இடுப்பில் செருகிக்கொண்டாள், வெறுங்காலோடு வெளியே போய் எம்ரிஸின் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டாள். நான் இரண்டு வருஷம் வேண்டாம் என்று நின்ற அந்தப் பையன் எதிர் அறையிலிருந்து டை கட்டாமல் வந்தான். அவள் மூன்று வாக்கியம் சொல்லியிருப்பாள். அவன் ஏன் என்று கேட்கவில்லை. என்னை ஒரு தரம் பார்த்தான், நாற்காலிகளை வெளியே மாற்ற எவ்வளவு நேரமாகும் என்று மட்டும் தனக்குள் சொல்லிக்கொண்டு இரண்டிரண்டு படியாக இறங்கினான். கீழே நெரிஸிடம் அவனுடைய மொழியில் பேசினான், வேல்ஸ் மொழியில், அவள் முகம் மாறியது. அத்தையையும் பேத்திகளையும் மற்றவர்களையும் வாசலுக்கு அனுப்பினார்கள். ஹோட்டலில் ரிப்பேர் வேலை பார்க்கிற ஒரு கிழவர் ஏணியோடு வந்தார். சுவரோரம் சார்த்தி ஏறி, விரிசலுக்கு உள்பக்கம் உள்ளங்கையை வைத்து மெல்ல அழுத்தினார். விதானம் மேலே போனது. மாட்டின் வயிற்றை அமுக்கினது மாதிரி இரண்டு விரல் உள்ளே போய், கையை எடுத்ததும் திரும்பி இறங்கியது, இறங்கும்போது ஒரு ரோஜா கழன்று நாலாவது வரிசை நாற்காலியில் விழுந்து, தெறித்தது. பெரிய சத்தம் ஒன்றும் இல்லை. கிழவர் இறங்கி வந்தார், தொப்பியைக் கழற்றினார், நெரிஸிடம் தணிந்த குரலில் என்னவோ சொன்னார். அவள் எல்லோரையும் வெளியே தள்ளிக் கதவைச் சாத்திப் பூட்டினாள். சாவி திரும்புகிற சத்தம் கேட்டு மணியைப் பார்த்தேன், பழக்கம். பன்னிரண்டுக்குப் பத்து நிமிஷம். நான் பூரணி அறை வாசலில் நின்றபோது பதினொன்று முப்பத்தைந்து. பள்ளிக்கூடத்துக் கதையையெல்லாம் சொல்லி முடித்தும் கால் மணி நேரம்தான் ஆகியிருக்கிறது. கால் மணி நேரம், ஒரு கிழவர், ஒரு ஏணி, ஒரு சாவி. அவ்வளவுதானா? சொன்னால் கேட்க மாட்டார்கள் என்பதை வைத்துக்கொண்டுதானே இருபது வருஷம் சாப்பிட்டேன், தூங்கினேன், பெண்ணை வளர்த்தேன். அதுவும் போய்விட்டது. அந்த டீச்சர் கேட்டிருப்பார். வாய்ப்பாட்டை நிறுத்திவிட்டு, சாக்பீஸோடு வெளியே வந்து, சரி சார், நாளையிலேர்ந்து மரத்தடியில உக்கார வெச்சுக்கிடுதேன் என்று சொல்லியிருப்பார். மரம் இருந்தது. நான் அதன் அடியில்தானே நின்றேன்.

கல்யாணம் புல்வெளியில் நடந்தது, தூறலில், ஆளுக்கொரு குடை. கறுப்புக் கல் சுவர் நனைந்து மின்னியது, ஸ்லேட்டுக் கூரையிலிருந்து தண்ணீர் நூல் நூலாக இறங்கியது, ஹார்ப் பெண்ணை வாசல் மண்டபத்தில் உட்காரவைத்தார்கள். பூரணி சிரித்தாள், நன்றாகவே சிரித்தாள், அவனும். நான் பார்த்தேன், எல்லாவற்றையும் பார்த்தேன், அண்ணாந்து பார்க்க வேண்டியிருக்கவில்லை. முடிந்ததும் எம்ரிஸின் அப்பா, ஆட்டுப் பண்ணைக்காரர், கனத்த ஆள், கண்ணாடிக் கிளாஸை உயர்த்திப் பேசினார். இந்தப் பக்கத்து ஆட்கள் தலைமுறை தலைமுறையாக அந்தக் கூரையை அண்ணாந்து பார்த்திருக்கிறோம், ஒருத்தர்தான் உண்மையில் பார்த்தார் என்றார். என் பெயரை எழுத்தெழுத்தாக உச்சரித்தார். எண்பது பேரும் கை தட்டினார்கள். நீலத் தொப்பி அத்தை கண்ணைத் துடைத்துக்கொண்டு என் கையைப் பிடித்துக் குலுக்கினாள், விடவே இல்லை, அவள் பேத்திகள் இரண்டு பக்கமும் நின்று என்னையே பார்த்தார்கள். வேண்டாம், நிறுத்துங்கள், கை தட்டாதீர்கள், உங்களுக்குத் தெரியாது என்று உள்ளே கத்திக்கொண்டே தலையை ஆட்டினேன், அவர்கள் அதை அடக்கம் என்று எடுத்துக்கொண்டு இன்னும் பலமாகத் தட்டினார்கள். வடிவு எங்கேயோ பார்த்துக்கொண்டு நின்றாள். பூரணி மட்டும் கை தட்டவில்லை. எம்ரிஸிடமிருந்து குடையை வாங்கிக்கொண்டு, ஈரப் புல்லில் பட்டுப்புடவை இழுபட, கூட்டத்தை விலக்கி என்னிடம் வந்தாள். அத்தையின் கையிலிருந்து என் கையை எடுத்துக்கொண்டாள். குடைக்குள் நாங்கள் இரண்டு பேர் மட்டும். இத்தனை வருஷத்தில் யாரும் என்னிடம் கேட்காததைக் கேட்டாள்.

"அந்தப் பிள்ளைங்க பேரு என்னப்பா?"

தெரியாமல் இல்லை. தினம் காலையில் கண் விழிக்கும்போது வருகிற பெயர்கள், வாயால் ஒரு தடவைகூடச் சொன்னதில்லை. மாரிச்செல்வி, மூணாம் கிளாஸ் என்றேன். இசக்கியம்மாள், அஞ்சாம் கிளாஸ் என்றேன். மழை பலத்து விட்டிருந்தது, கைதட்டலும் ஓய்ந்தபாடில்லை. பூரணி காதை என் வாய்க்குப் பக்கத்தில் கொண்டுவந்தாள்.

"கேக்கலப்பா. இன்னொரு தடவ சொல்லுங்க."

சொன்னேன்.